ஒத்திகை அக்காவின் வாங்கு

இந்தத் தீவில் நோயாளிக்கு ஒத்திகை பார்த்து, நடிப்பு சரிவந்த பிறகே டொக்டரிடம் அனுப்பி வைத்த ஆஸ்பத்திரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்களுடையது. கிளிநொச்சியிலிருந்து உள்ளே, வாய்க்கால் கரையோடு போனால் வரும். அதை நடத்தியவர் டொக்டர் என்று வெளியூர்க்காரர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூர்க்காரருக்கு உண்மை தெரியும். அதை நடத்தியவர் வாசலில் நின்று இலக்கத் துண்டு கொடுத்த ஒத்திகை அக்கா.

நான் அங்கே கிளாக்கராக இருந்தவன். அக்காவின் சொந்தப் பெயர் என் அலுமாரிக் கோப்பில் பத்திரமாக இருந்தது. ஒருவரும் அதைப் பாவித்ததில்லை. ஒத்திகை பார்க்காமல் அவர் எதையும் வாய் திறந்து சொல்லமாட்டார் என்பதால் வந்த பட்டம் அது. என்னிடம் லீவு கேட்க வேண்டுமென்றால் முதலில் கிணற்றடித் தண்ணி மோட்டருக்கு முன்னால் போய் நிற்பார்.

"தம்பி, எனக்கு நாளைக்கு ஒரு நாள் லீவு வேணும். மேளின்ரை பள்ளிக்கூடத்திலை கூட்டம்."

மோட்டர் உறுமும். அக்கா தலையை ஆட்டிவிட்டு, "கெஞ்சுற மாதிரிக் கிடக்கு" என்று தன்னையே திருத்தி, குரலைக் கொஞ்சம் உயர்த்தி இன்னொரு தரம் சொல்லிப் பார்ப்பார். மூன்றாம் தரம் என் மேசைக்கு வருவார். மோட்டரே மறுக்காததை நான் எப்படி மறுப்பது? கொடுத்துவிடுவேன்.

இந்தப் பழக்கம் அவரோடேயே இருந்திருக்கும். எட்டு மாதமாக டொக்டர் இல்லாமல் பூட்டிக்கிடந்த எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு சிங்கள டொக்டர் வந்ததால்தான் அது ஊர் முழுக்கப் பரவியது.

தெற்குக் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை. முதல் நியமனம். மெலிந்த உடம்பு, பெரிய கண்ணாடி. ஊர் மாலை போட்டு, பொங்கிப் படைத்து வரவேற்றது. அவரும் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு கொப்பியில் அறுபது தமிழ் வசனங்கள் எழுதிப் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தார். "எங்கே நோகிறது?", "எத்தனை நாள்?", "சாப்பாடு எப்படி?" எல்லாம் அட்சர சுத்தமாகக் கேட்பார். கேள்வியில் ஒரு குறையும் இல்லை. குறை எங்கள் சனத்தின் பதிலில் இருந்தது.

எங்கள் சனத்துக்கு ஒரு மரியாதை உண்டு. பெரிய மனிதர் ஏதாவது கேட்டால் "ஓம் ஐயா" என்று சொல்லவேண்டும். "இல்லை" என்பது எதிர்த்துக் கதைப்பதாகிவிடும். வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் அதிகாரியின் வாகனத்தை மறித்துச் சண்டை பிடிக்கிற அதே ஆட்கள்தான். ஆனால் கழுத்தில் குழாய் தொங்குகிற மனிதருக்கு முன்னால் கதிரையில் இருந்துவிட்டால் பூனைக்குட்டிகள்.

கந்தையர் மண்வெட்டியால் கால் பெருவிரலை வெட்டிக்கொண்டு வந்தார். விரலில் சாரத் துணி சுற்றியிருந்தது. மேசைக்குக் கீழே இருந்த கால் டொக்டருக்குத் தெரியவில்லை. வயது எழுபது, முகம் வியர்த்திருக்கிறது. டொக்டர் கொப்பியைத் திறந்தார்.

"நெஞ்சு நோகிறதா?"

"ஓம் ஐயா."

"மூச்சு எடுக்கக் கஷ்டமா?"

"ஓம் ஐயா."

"தலை சுற்றுகிறதா?"

கந்தையர் கொஞ்சம் யோசித்தார். இவ்வளவு கரிசனையாகக் கேட்கிற பிள்ளையை ஏமாற்றவும் மனம் வரவில்லை. "ஓம் ஐயா, இடைக்கிடை."

டொக்டரின் முகம் வெளுத்துவிட்டது. அம்புலன்ஸ் கூவிக்கொண்டு கிளிநொச்சிக்குப் பறந்தது. அங்கே கந்தையரின் நெஞ்சு முழுக்க வயர் ஒட்டிப் பார்த்து, இருபது வயதுக்காரனின் இதயம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மனிதர் பின்னேரம் பஸ்ஸில் வந்து இறங்கினார். விரலில் அதே சாரத் துணி.

"ஏன் கந்தையண்ணை விரலைப் பற்றிச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"அவர் விரலைப் பற்றிக் கேக்கேல்லையே. பாவம், அந்தப் பிள்ளை என்ரை நெஞ்சைப் பற்றித்தான் கவலைப்பட்டுக் கேட்டுது. நான் ஏன் அதின்ரை மனத்தை நோகடிப்பான்?"

உங்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். கிளாக்கருக்குச் சிங்களம் தெரியாதா? நன்றாகத் தெரியும். வவுனியாவில் சிங்களப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்தவன் நான். ஆகவே என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள். மூன்று நாள் டொக்டருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். வினை என்னவென்றால், நான் கலியாணம் செய்தது அந்த ஊரில். வருகிற பெண்களில் பாதிப் பேர் என் மனைவிக்கு மாமி, மச்சாள் முறை. அவர்கள் என்னைக் கண்டதும், "தம்பி, வீட்டிலை எல்லாரும் சுகமோ?" என்று விசாரித்துவிட்டு, தமக்குத் தலையிடி என்று சொல்லி, தலையிடிக்கு மருந்து வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்று நாளில் அந்த ஊரில் தலையைத் தவிர வேறு உறுப்பே இல்லாமல் போய்விட்டது. நான் என் மேசைக்குத் திரும்பினேன்.

இரண்டாம் மாதம் டொக்டர் என்னிடம் வந்து ஒரு கடிதத்தை வைத்தார். இடமாற்ற விண்ணப்பம். "இவர்கள் எனக்கு ஒன்றும் சொல்கிறார்கள் இல்லை. என்றைக்காவது என் கையால் ஓர் ஆள் செத்துப்போகும்" என்று சிங்களத்தில் சொன்னார்.

டொக்டர் போனால் ஆஸ்பத்திரி மறுபடியும் பூட்டு. பூட்டிக்கிடந்த எட்டு மாதமும் பிள்ளைத்தாய்ச்சிகள் நாளுக்கு இரண்டு தரம் வருகிற பஸ்ஸில்தான் கிளிநொச்சிக்குப் போனார்கள். ஒரு குழந்தை பொறுமையிழந்து பஸ்ஸிலேயே பிறந்து, கொண்டக்டரின் பெயரை வாங்கிக்கொண்டது. பிறந்தது அதிர்ஷ்டம். எல்லா நாளும் அந்த அதிர்ஷ்டம் இருக்குமா?

"முத்திரை மேலிடத்திலிருந்து வரவேண்டும் டொக்டர். மாத முடிவில்தான் அனுப்பலாம்" என்று நானும் சிங்களத்தில் ஒரு பொய் சொன்னேன். முத்திரை என் மேசை லாச்சிக்குள் இருந்தது.

விஷயத்தை அக்காவிடம் சொன்னேன். கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரோடு சாத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாத முடிவுக்கு எத்தினை நாள் கிடக்கு?"

"இருபத்தாறு."

"அவ்வளவு நாள் காணும்" என்றார்.

அடுத்த நாள் காலை துண்டு எடுக்கப் போன சனம் திகைத்துப்போனது. டொக்டரின் அறைக்கு வெளியே மூன்று பேர் இருக்கக்கூடிய ஒரு நீட்டு மர வாங்கு. அதற்கு எதிரே ஒரு கதிரை. கதிரையில் அக்கா, கழுத்தில் கயிற்றைக் குழாய் மாதிரித் தொங்கவிட்டுக்கொண்டு.

"இனிமேல் இந்த வாங்கிலை இருந்து எனக்கு வருத்தத்தைச் சொல்லிக் காட்டினாத்தான் உள்ளை விடுவன். எங்கை, எப்ப தொடங்கினது, என்ன செய்தாக் கூடுது. மூண்டும் சொல்லவேணும். ஓம் எண்டு சொன்ன ஆள் வரிசையிலை கடைசிக்குப் போகவேணும்."

"ஓம்" என்றார் முன்னால் நின்ற கந்தையர். கடைசிக்குப் போனார்.

முதல் வாரம் பெரும் பகிடியாகப் போனது. வாங்கில் ஓர் ஆள், சுற்றிவர முப்பது விமர்சகர்கள். மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் பக்கம் தோட்டம் செய்யும் லெட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"ஒரு மாதிரியா இருக்குங்கக்கா."

"எந்த மாதிரி?"

"அதாங்க. ஒரு மாதிரி."

"உள்ளை இருக்கிறது டொக்டர் பிள்ளை. சாத்திரம் சொல்லுறவர் இல்லை. ஊசியாலை குத்துற மாதிரியோ, இல்லாட்டி உடுப்புப் புழியிற மாதிரி முறுக்குதோ?" அக்கா எழும்பி இரண்டையும் நடித்துக் காட்டினார். முறுக்குக்கு அவர் வளைந்த வளைவில் கொண்டை அவிழ்ந்துவிட்டது.

"முறுக்குதுங்கக்கா! அதேதான்! சாப்பிட்ட கையோட முறுக்குது!" லெட்சுமியின் முகத்தில் நோவையும் மீறி ஒரு வெளிச்சம். தன் வயிற்றுக்குள் நடப்பதற்கு ஒரு பெயர் கிடைத்த சந்தோஷம் அது. வரிசை கைதட்டியது.

சத்தம் கேட்டு டொக்டர் கதவால் எட்டிப் பார்த்தார். பிறகு கொப்பியோடு வெளியே வந்து வாங்கின் நுனியில் இருந்தார். அவருடைய கொப்பியில் அதுவரை "நோ" என்று ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அக்காவிடம் அதற்கு ஒரு குடும்பமே இருந்தது. குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, முறுக்கு, விறைப்பு, விண்ணென்று தெறிப்பது என்று ஒவ்வொன்றாக அக்கா நடிக்க, டொக்டரும் நடித்துப் பார்த்து எழுதினார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அறைக்குள்ளேயிருந்து டொக்டர் தனியாக முனகிப் பழகுகிற சத்தம் வரும். புதிதாக வந்த ஒரு கிழவி, "டொக்டருக்கே இவ்வளவு ஏலாது, நான் பிறகு வாறன்" என்று எழும்பிப் போகப் பார்த்தார்.

எல்லா வருத்தத்தையும் வாங்கில் இருந்து சொல்ல முடியாது. அதற்கும் அக்கா ஒழுங்கு செய்தார். மறைவான வருத்தங்களுக்குத் தண்ணித் தாங்கிக்குப் பின்னால் ஒத்திகை. இரண்டு நாளில் ஒரு சிக்கல் வந்தது. தாங்கிக்குப் பின்னால் போனாலே மறைவான வருத்தம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆகவே அக்கா மூக்கடைத்த தடிமன்காரரையும் கண் நோக்காரரையும் கூட இடைக்கிடை தாங்கிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், ஊர்ப் புதினம் கதைத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார். யார் எதற்குப் போனார்கள் என்று பிறகு கடவுளுக்கும் அக்காவுக்கும் மட்டுமே தெரியும். என்னிடம் தலையிடி என்று சொன்ன மாமிமார் அங்கேதான் உண்மையான இடத்தைச் சொன்னார்கள். என் மனைவியும் ஒருநாள் போய் வந்தாள். நான் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் தவராசா வந்தார். நெல் ஆலையில் மூட்டை தூக்குகிற ஆள். "எனக்கு ஒண்டும் இல்லை. மனுசிக்கு மருந்து எடுக்க வந்தனான்" என்றார்.

"ஆராயிருந்தாலும் வாங்கிலை இருந்துதான் போகவேணும்."

"ஒண்டும் இல்லாத ஆள் எதைச் சொல்லுறது?"

"ஒண்டுமில்லாததைச் சொல்லுங்கோ. கேப்பம்."

தவராசா சலித்துக்கொண்டு இருந்தார். "நாலு நாளா மூட்டை தூக்கேக்கை மட்டும் நெஞ்சுக்கை ஒரு பாரம். இறக்கி வைச்சா விட்டிடும். இடக்கை வரைக்கும் இழுக்குது. இண்டைக்குச் சும்மா நடந்து வரேக்கையும் வந்தது. அது களைப்பக்கா, வருத்தமில்லை."

அக்கா துண்டும் பார்க்கவில்லை, வரிசையும் பார்க்கவில்லை. மனிதரின் கையைப் பிடித்து நேரே உள்ளே கொண்டுபோனார். "இப்ப எனக்குச் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் ஐயாவுக்குச் சொல்லுங்கோ." தவராசா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்புவித்தார். டொக்டர் முழுவதையும் கேட்டார், முழுவதும் விளங்கியது. அம்புலன்ஸ் மறுபடியும் பறந்தது. சாரதி மட்டும் புறப்படும்போது என்னிடம் கேட்டான்: "அண்ணை, இவருக்குக் கால் விரலை ஒருக்காப் பாத்தனீங்களோ?"

தவராசா பிழைத்தார். ஒரு கிழமையில் திரும்பி வந்து, அன்றைக்கு மனைவியின் மருந்தைத் தராமல் அனுப்பிவிட்டதாக அக்காவோடு சண்டை பிடித்தார். ஊரே சந்தோஷத்தில் மிதந்தது. இனி டொக்டர் போகமாட்டார் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

மாத முடிவுக்கு முதல் நாள் டொக்டர் என் மேசைக்கு வந்து, "அந்தக் கடிதத்தை நாளைக்கு அனுப்பிவிடுங்கள்" என்றார்.

நான் போய்ச் சொன்னதை அக்காவால் நம்ப முடியவில்லை. "சனம் ஒழுங்காக் கதைக்குது. அவருக்கும் விளங்குது. பிறகென்ன?" என்று கத்தினார். பிறகு தும்புத்தடியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அந்தப் பிள்ளை மத்தியானச் சாப்பாட்டிலை பாதியை நாய்க்குப் போடுது. காச்சட்டை இடுப்பிலை நிக்குதில்லை. எப்பிடி இருக்கிறியள் எண்டு கேட்டா, நல்லா இருக்கிறன் எண்டு சொல்லுது. இதென்ன கதை? நாங்கள் ஓம் எண்டு சொன்ன அதே கதைதானே?"

அடுத்த நாள் காலை டொக்டர் வந்து இறங்கியதும் அக்கா அவருடைய கையில் ஒரு துண்டை வைத்தார். முதலாம் இலக்கம்.

"இருங்கோ வாங்கிலை."

டொக்டர் சிரித்துக்கொண்டு இருந்தார். வரிசையும் சிரித்தது.

"எங்கை நோகுது?"

"ஒண்டும் இல்லை அக்கா. நல்லா இருக்கிறன்."

"கடைசிக்குப் போகச் சொல்லு!" என்றார் வரிசையிலிருந்து கந்தையர்.

"எப்ப தொடங்கினது?" என்றார் அக்கா, சிரிக்காமல்.

டொக்டர் வாயைத் திறந்தார். கொப்பியைப் புரட்டினார். குத்து, உளைவு, கடுப்பு எல்லாம் இருந்தன, அவருக்குத் தேவையானது இருக்கவில்லை. மூடி வைத்தார். "அக்கா, என்னட்டைத் தமிழ் காணாது" என்றார்.

"அப்ப சிங்களத்திலை சொல்லுங்கோ தம்பி."

"உங்களுக்கு விளங்காது."

"எனக்கு விளங்கி என்ன செய்ய? உங்களுக்கு வெளியிலை வந்தாக் காணும்."

டொக்டர் சொல்லத் தொடங்கினார். முதலில் மெதுவாக, பிறகு மடை திறந்த மாதிரி. முக்கால் மணித்தியாலம் சொன்னார். அக்கா ஒரு சொல்லும் விளங்காமல், "ம்" என்றும் "அடடா" என்றும் "பிறகு?" என்றும் கேட்டுக்கொண்டிருந்தார். அவை எல்லாம் எப்படியோ சரியான இடத்தில் விழுந்தன. நாற்பது பேர் வருத்தத்தோடு வரிசையில் நின்றார்கள். ஒருவரும் நேரம் போகிறது என்று சொல்லவில்லை.

எனக்கு எல்லாம் விளங்கியது. அதைத்தான் இத்தனை வருடமாக மறக்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும் அம்மாவுக்கு போன் எடுத்து நல்லா இருக்கிறேன் என்று பொய் சொல்வதைச் சொன்னார். வேலை முடிந்தால் அடுத்த நாள் காலை வரை வாயில் ஒரு சொல் இல்லாமல் இருப்பதைச் சொன்னார். தன்னுடைய மொழியில் ஒரு பகிடி சொல்லிச் சிரிக்க ஆளில்லாமல் போய்விட்டது என்றார். அந்தக் கட்டடத்துக்குள் அவருடைய மொழி தெரிந்த ஒரே ஆள் நான். மூன்று மாதமாக அவரோடு கோப்பு, கையொப்பம், முத்திரை தவிர வேறு எதுவும் கதைத்ததில்லை. கதவோரம் நின்ற எனக்கு நிலத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போகலாம் போல இருந்தது.

டொக்டர் முடித்துவிட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கந்தையர் நொண்டிக்கொண்டு போய், தன் போத்தல் தண்ணீரை நீட்டினார். "குடியுங்கோ ஐயா. ஓம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். தண்ணீர் மூக்கால் வந்தது.

அன்று மத்தியானம் நான் இரண்டு கோப்பைத் தேநீரோடு அவருடைய அறைக்குப் போனேன். கோப்பு எதுவும் கொண்டுபோகவில்லை. "உங்கள் ஊரில் கிரிக்கெட் யார் நன்றாக விளையாடுவார்?" என்று சிங்களத்தில் கேட்டேன். தேநீர் ஆறும் வரை தன்னைப் பற்றியே சொன்னார். நான் எழும்பும்போது, "அந்தக் கடிதம்?" என்றார். "அனுப்பவில்லை" என்றேன். "நல்லது. எழுத்துப் பிழை நிறைய இருந்தது" என்றார்.

அந்தக் கிழமையே அவர் அம்மாவுக்கு உண்மையைச் சொல்ல, அந்த மனுசி இரண்டு பஸ் மாறி, பெட்டி நிறையப் பலகாரத்தோடு வந்து இறங்கினார். இரண்டு வாரம் நின்றார். அவரும் ஒத்திகை அக்காவும் ஆளுக்கொரு மொழியில் டொக்டரின் குசினி அடுப்படியில் இருந்து கதைத்த கதையை அளந்தால் ஆனையிறவு வரை நீளும்.

டொக்டர் மூன்று வருடம் இருந்தார். பிறகு முறைப்படி மேற்படிப்புக்குப் போனார். போகிற அன்று ஊர் முழுக்க ஆஸ்பத்திரி வாசலில். டொக்டர் எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டு கடைசியாக அக்காவிடம் வந்தார். தங்கள் வழக்கப்படி நிலத்தில் முழந்தாளிட்டு, அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

அக்கா இதற்கு ஒத்திகை பார்த்திருக்கவில்லை. "எழும்புங்கோ தம்பி, சனம் பாக்குது" என்று தொடங்கினார். அதற்கு மேல் குரல் வரவில்லை. வாகனம் வாய்க்கால் வளைவில் மறையும் வரை வாயைத் திறந்து திறந்து மூடினார்.

சனம் கலைந்தது. அக்கா போய் வாங்கில் இருந்தார், சேலைத் தலைப்பை முகத்தில் வைத்துக்கொண்டு. நான் அலுவலகத்தைப் பூட்டி, திறப்பைக் கையில் பிடித்தபடி அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். என் பஸ் வந்தது, ஹோர்ன் அடித்தது, போனது. அக்காவுக்குச் சொல் வரும் வரைக்கும் இருப்பது என்று இருந்தேன்.